அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு

ஒன்பது ஐம்பதுக்குப் படுக்க வைத்தார்கள். பத்து இருபதுக்கு ரத்தம் எடுப்பார்கள். அதுவரை குமுதா அசையக்கூடாது, பேசக்கூடாது, முக்கியமாக நான் பேசக்கூடாது. சிஸ்டர் இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “சார், ஸ்டூல்ல உக்காந்துக்கங்க. ஆனா அவங்கள எதுவும் கேக்காதீங்க, எதுவும் சொல்லாதீங்க. நல்ல விஷயம்கூட வேணாம். மனசு கொஞ்சம் படபடன்னு ஆனாலும் ஹார்மோன் ஏறிடும், ரிப்போர்ட் பொய் சொல்லும்.” என் மனைவியின் மனசு யாருக்காகப் படபடக்கிறது என்று தெரிந்துகொள்ள நாலு வருஷமாகப் பாடுபடுகிறவனிடம் போய் இப்படிச் சொல்கிறார். தலையை ஆட்டினேன். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, ஆடாமல் உட்கார முழங்காலால் சுவரை முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்தி ஓடுகிறது. என் கைக்கடிகாரம் கண்ட்ரோல் ஆபீஸ் நேரத்தோடு சேர்த்து வைத்தது, தப்பாது. ஸ்டேஷன் மாஸ்டர் பூவராகனுக்கு வேறு எந்தக் கெட்டிக்காரத்தனமும் கிடையாது, நேரம் மட்டும் தெரியும். விருத்தாசலத்துக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி, பாசஞ்சர் மட்டும் நின்று போகும் ஒரு ஸ்டேஷனில் உட்கார்ந்து, வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் மணி எழுதியே தலை நரைத்தவன். குமுதா மல்லாந்து படுத்திருக்கிறாள். இடது கையில் ஊசியை முன்கூட்டியே குத்திப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்கள், ரத்தம் எடுக்கும்போது குத்தினால் அந்த வலிக்கே ஹார்மோன் ஏறிவிடுமாம். குத்தும்போது அவள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன்.

கட்டி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஊரிலிருந்து கிளம்புமுன் கோயிலுக்குப் போய் வராகப் பெருமாள் முன்னால் நின்று வேண்டினதும் அதுதான். பக்கத்தில் குமுதா கண்ணை மூடி நின்றாள், எனக்காகவும் சேர்த்து வேண்டியிருப்பாள். நான் பெருமாளே, இவளுக்குக் கட்டியாகவே இருக்கட்டும் என்று நின்றேன். எந்தப் புருஷனாவது இப்படி வேண்டுவானா. வேண்டினேன். ஏனென்றால் டாக்டர் யாஸ்மின் போன வாரமே படம் போட்டுக் காட்டிவிட்டார். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஆளுக்கு இரண்டு சுரப்பி. அதில் கட்டி வந்தால், அது தன் இஷ்டத்துக்கு அட்ரினலினைக் கொட்டும். கொட்டினால் நெஞ்சு அடிக்கும், முகம் வெளுக்கும், தலை வெடிக்கும், வியர்வை ஊற்றும், பிரஷர் இருநூற்றைத் தாண்டும். பத்து நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் அடங்கிவிடும். “பயந்தாலும் இதே ஹார்மோன்தான், ஆசைப்பட்டாலும் இதே ஹார்மோன்தான் சார். உடம்புக்கு ரெண்டுக்கும் தனித்தனி மருந்து கிடையாது. அதனாலதான் நெறைய பேர இது மனசு வியாதின்னே திருப்பி அனுப்பிடறாங்க.” டாக்டர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆசைப்பட்டாலும் என்ற வார்த்தை அன்றைக்கு என் சட்டைப் பையில் ஏறி உட்கார்ந்தது, இன்னும் இறங்கவில்லை. கட்டி என்றால் கட்டி. கட்டி இல்லை என்றால் கோதண்டம். என் கணக்கில் மூன்றாவது வழி இல்லை. அவள் செத்தாலும் பரவாயில்லை என்றா நினைக்கிறேன், இல்லை, அப்படி இல்லை, இந்தக் கட்டியை வெட்டி எடுத்துவிடலாமாம், பெரும்பாலும் சரியாகிவிடுமாம், கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வேண்டினேன். கோதண்டத்தை எந்த ஆஸ்பத்திரியில் வெட்டி எடுப்பார்கள்.

கூட்ஸ் கார்டு கோதண்டத்தை வீட்டுக்குக் கூட்டி வந்தவன் நான். உள்ளே வரலாம் என்று லைன் கிளியர் கொடுத்தவனே நான்தான், வேறு யாரை நொந்துகொள்வது. மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு லூப் லைனில் அவன் வண்டி நாலு மணி நேரம் நின்றது. பட்டினியாகக் கிடப்பானே என்று, என் டியூட்டி முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாடு போட்டேன். கல்யாணம் செய்துகொள்ளாதவன், நாற்பத்தாறு வயசு, ஆறடி, சிரித்தால் மாடிப்படி வரைக்கும் கேட்கும். எங்கள் ஹாலில் கிடந்த வாரப் பத்திரிகையை எடுத்து, பாதியில் விட்டிருந்த குறுக்கெழுத்தைப் பார்த்து, “அண்ணி, எட்டாவது கட்டம் தப்பு” என்றான். குமுதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். அப்புறம் வாரம் ஒரு தரம், சில வாரம் இரண்டு தரம், ஐந்தரைக்கு வந்தால் ஏழு, ஏழேகால். இரண்டு தலையும் ஒரு பத்திரிகை மேல். நானும் உட்கார்ந்துதான் இருப்பேன். எனக்குக் குறுக்கெழுத்து வராது. ஒரு தடவை ஒன்று சொன்னேன், இரண்டு பேரும் என்னை அன்பாகப் பார்த்தார்கள், அந்த அன்புக்கு அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. குமுதா அவனைக் கார்டு சார் என்பாள். என்னோடு வேலை செய்கிற சின்னவர்களை எல்லாம் தம்பி என்றுதான் கூப்பிடுவாள், பாயிண்ட்ஸ்மேன் தம்பி, கேட்கீப்பர் தம்பி. இவன் மட்டும் ஏன் கார்டு சார். தம்பி என்று சொல்ல எது தடுத்தது. இதைப் பற்றி மட்டும் எத்தனை டியூட்டி யோசித்திருக்கிறேன். போர்வை அவள் வயிற்றின் மேல் ஏறி இறங்குகிறது, ஏறி இறங்குகிறது. ஒன்பது ஐம்பத்தாறு. மூச்சு நிதானமாகத்தான் இருக்கிறது. இப்போது எதை நினைத்துக்கொண்டு இப்படி நிதானமாக இருக்கிறாள் என்று கேட்கவும் கூடாது.

அந்த முகத்தை முதலில் பார்த்தது ஒரு புரட்டாசி சாயங்காலம். கோதண்டம் படி இறங்கிப் போனான், அவன் செருப்புச் சத்தம் தேயும் வரைக்கும் குமுதா வாசலில் நின்றாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்க்காமலே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே வந்தபோது அவள் முகம் அவள் முகமாக இல்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை, ரவிக்கையின் முதுகு நனைந்து, விரல் நடுங்க, கழுத்து நரம்பு துடிப்பது நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. “என்ன ஆச்சு” என்றேன். “ஒண்ணுமில்லங்க” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள். ஒருத்தன் போன உடனே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதுவிட்டு வருகிற பெண்ணை என்னவென்று நினைப்பது. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் நான் டிரெயினிங்குக்குத் திருச்சி போனேன், மூன்று மாசம். அன்றைக்கு இவள் முகம் இப்படி ஆனதாக ஞாபகமில்லை, முறுக்குப் பொட்டலத்தைப் பையில் வைக்க மறந்துவிட்டோமே என்றுதான் கவலைப்பட்டாள். எனக்காக ஒரு தரம்கூட இந்தக் கழுத்து நரம்பு துடித்ததில்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது. அவள் தப்புச் செய்தாள் என்றுகூட நான் நினைக்கவில்லை, குமுதா செய்யமாட்டாள். ஆனால் அந்தத் துடிப்பு இன்னொருத்தனுடையது. அடுத்த வாரமும் அதே முகம். பழைய டைரி ஒன்றை எடுத்துப் பழுப்பு அட்டை போட்டு எழுத ஆரம்பித்தேன். தேதி, மணி, முகம் வெளுப்பு, வியர்வை, கை நடுக்கம், அடங்க எத்தனை நிமிஷம். கடைசியில் ஒரு கட்டம், கோதண்டம் வந்து போன நாள் என்றால் அதில் டிக். அவன் பேர் எங்கும் இல்லை, யார் கையில் கிடைத்தாலும் ஒன்றும் புரியாது என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். டியூட்டிப் பையில் கொடிகளுக்கு அடியில் வைத்திருப்பேன். நாலு வருஷத்தில் அறுபத்தொரு வரி. ஐம்பத்தெட்டு டிக்.

அந்த நோட்டை இங்கே எடுத்து வந்ததே பழக்க தோஷம். போன மாதம் குமுதா பாத்ரூம் வாசலிலேயே மயங்கி விழுந்து, உள்ளூர் டாக்டர் பிரஷர் பார்த்து மிரண்டுபோய், ஹார்மோன் டிபார்ட்மெண்ட் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்து, இங்கே வந்து சேர்ந்தோம். அதற்கு முன்னால் பார்த்த டாக்டர் எல்லாம் “மனசுல எதுவும் வெச்சிருக்கீங்களாம்மா” என்று இவளைக் கேட்பார்கள், நான் மனசுக்குள் ஆமாம் சார் என்பேன். டாக்டர் யாஸ்மின் அப்படிக் கேட்கவில்லை. “எப்பெப்ப வருதும்மா, எது செஞ்சா வருது, குனிஞ்சா வருதா” என்றார். குமுதா என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், பின்னால் நின்ற சின்ன டாக்டர் பையன்களைப் பார்த்தாள். “வந்து... நான் பாத்ரூ...” என்று ஆரம்பித்தாள். நான் நடுவில் விழுந்து நோட்டை மேஜையில் வைத்தேன். ஏன் வைத்தேன். என்னிடம்தான் ஆதாரம் இருக்கிறது என்ற திமிர். அவளைப் பற்றி அவளைவிட எனக்குத் தெரியும் என்ற திமிர். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், முகம் மலர்ந்தது. “சார், இத்தன வருஷ சர்வீஸ்ல ஒரு வீட்டுக்காரர் இவ்வளவு சுத்தமா எழுதி வெச்சு நான் பாத்ததில்ல. மேடம், நீங்க குடுத்து வெச்சவங்க.” குமுதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த டிக் எதுக்கு சார்?” பதினெட்டு வண்டி ஒரே நேரத்தில் லைன் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. “குனிஞ்சு வேல செஞ்ச அன்னிக்குப் போட்டது மேடம்” என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய், சற்றுமுன் டாக்டரே குனிந்தால் வருகிறதா என்று கேட்டிருந்தார், அதிலிருந்து எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. டாக்டர் பேனாவால் எண்ணினார். அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு. “அப்படியே சுரப்பியக் காட்டுது. குனிஞ்சா வயிறு அமுங்கும், கட்டி அமுங்கும், கொட்டும். மேல் வயித்த ஸ்கேன் எடுத்துடலாம்.” நாளைக்கு அந்த ஸ்கேன். நோட்டு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி அபூர்வக் கட்டி உள்ளவர்களைச் சேர்த்து ஒரு ஆராய்ச்சி நடக்கிறதாம், ரத்தம் எடுப்பார்கள், குடும்பத்தில் வருகிறதா என்று மரபணு பார்ப்பார்கள், கட்டியை எடுத்தால் அதில் ஒரு துண்டை வைத்துக்கொள்வார்கள். “எத்தன வருஷம் இது கண்டுபிடிக்காம தவறிப்போகுது, ஏன் தவறிப்போகுதுன்னு பாக்கறோம் சார். உங்க நோட்டு எங்களுக்குப் பெரிய உதவி” என்று டாக்டர் என் கையைக் குலுக்கினார். நாலு வருஷம் தவறிப்போனதற்குக் காரணம் குலுக்குகிற கையிலேயே இருந்தது, நானும் வெட்கமில்லாமல் குலுக்கினேன்.

பத்து மணி ஒரு நிமிஷம். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சிஸ்டர் ஒரு படிவத்தை அட்டையில் செருகிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆராய்ச்சிக்கான படிவம், தமிழில்தான் இருக்கிறது, பொருத்தமான கட்டங்களில் டிக் செய்யவும். எனக்குப் பிடித்த வேலை. பெயர், வயது நாற்பத்து நாலு, சர்க்கரை இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை. கீழ்க்கண்டவற்றில் எதன்போது அல்லது எதற்குப் பின் அறிகுறிகள் வருகின்றன. குனியும்போது. பொய்யைக் காப்பாற்ற அதில் ஒரு டிக். பாரம் தூக்கும்போது, இல்லை. சாப்பிட்ட பின், இல்லை. கோபம் அல்லது பயத்தின்போது. இதில் பேனா கொஞ்சம் நின்றது, பிறரைப் பிரியும்போது என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் போடலாம் என்று விஷமமாகத் தோன்றியது. சிறுநீரை அடக்கி வைத்துக் கழித்த பின். பேனாவைக் கீழே கொண்டுபோனேன், மறுபடி மேலே வந்தேன். சிறுநீரை அடக்கி வைத்துக் கழித்த பின். எதற்கு இதைக் கேட்கிறார்கள். கட்டி தொப்பியில்தானே இருக்கிறது, இதற்கும் அதற்கும் என்ன. கட்டி வேறு இடத்திலும் ஒளிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாரே, கழுத்தில், முதுகெலும்பு ஓரத்தில், இன்னும் ஏதோ இரண்டு இடம் சொன்னார், நான் ஆசைப்பட்டாலும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. மூத்திரப்பையிலும் வருமோ. பை நிரம்பி, சுருங்கும்போது அது அமுங்கி. எங்கள் வீட்டு பாத்ரூம் ஹாலில் இருக்கிறது. சோபாவுக்கு நேர் எதிரே. கட்டினவன் எந்தப் புத்தியில் கட்டினானோ, சோபாவில் உட்கார்ந்தால் அந்தக் கதவைத்தான் பார்க்க வேண்டும், தண்ணீர் ஊற்றினால் ஹாலில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழும். ஆம்பிளை ஒருத்தன் ஹாலில் இருக்கும்போது குமுதா அந்தக் கதவைத் திறப்பாளா. என் அண்ணன் வந்திருந்த மூன்று நாளும் கீழ்வீட்டுக்குப் போய் வந்தவள். இன்றைக்குக் காலையில்கூட, லாட்ஜை விட்டு ஆறு மணிக்குக் கிளம்பினோம், வரிசையில் நின்றோம், “பாத்ரூம் போய்ட்டு வந்தாச்சாம்மா” என்று சிஸ்டர் கேட்டபோது பக்கத்தில் டெக்னீஷியன் பையன் நின்றான், இவள் ஆச்சு என்று தலையாட்டினாள். ஆகவில்லை. ஆறு மணியிலிருந்து கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரியும்.

ஐந்தரையிலிருந்து ஏழு. காபி ஒரு டம்ளர் அவனோடு குடிப்பாள், தண்ணீர் குடிப்பாள், நடுவில் எழுந்திருக்க மாட்டாள். எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேனே. கடைசிப் பத்து நிமிஷம் கால் மாற்றி மாற்றி உட்காருவாள், அவன் போகப் போகிறானே என்றுதான் என நினைத்துத் தவிப்பு என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கிறேன், அதே நோட்டில், ஒரு வரிக்குப் பக்கத்தில், பென்சிலில். வாசலில் நின்று செருப்புச் சத்தம் தேயும் வரைக்கும் காத்திருந்தது அவன் காதுக்குத் தண்ணீர்ச் சத்தம் எட்டக்கூடாது என்பதற்கு. இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கெழுத்து மூளையும் வேண்டாமே. அப்படியானால் மற்ற நாள். மற்ற நாளில் வந்ததில்லையே, மூன்றே மூன்று வரிதானே டிக் இல்லாமல் இருக்கிறது. இல்லை. பூவராகா, பொய் சொல்லாதே. மற்ற நாளில் வந்தது. விடியற்காலை எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்து கட்டில் ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, எத்தனை நாள், நான் பாதித் தூக்கத்தில் பார்த்துவிட்டுப் புரண்டு படுத்திருக்கிறேன். பண்ருட்டியில் அவள் தம்பி கிருகப்பிரவேசத்துக்குப் போனபோது, இரண்டு மணி நேரம் பஸ், இறங்கின உடனே கொல்லைப்பக்கம் போனவள் திரும்பி வந்து அப்படியே திண்டாடிப்போய் முறத்தால் விசிறிக்கொண்டாள். ஆரம்பத்தில் மூன்று நாள் நியாயமாக எழுதினேன். அப்புறம் கோதண்டம் வராத நாளில் வந்ததை எழுதவில்லை. எழுதி என்ன பிரயோஜனம் என்று விட்டேன். வராத வண்டிக்கு மணி எழுதினால் சஸ்பெண்ட் செய்வார்கள், வந்த வண்டியை எழுதாமல் விட்டாலும் அதேதான், இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு வண்டியை விட்டதில்லை. இவள் விஷயத்தில் எத்தனை வண்டியை விட்டேன். அந்தப் பதிவேட்டைத்தான் ஜெராக்ஸ் எடுத்து ஆராய்ச்சியில் சேர்த்திருக்கிறார்கள்.

பத்து எட்டு. கட்டிதான் என்றால் சந்தோஷப்பட வேண்டும், வேண்டினது பலித்தது. நெஞ்சுக்குள் ஏதோ இறங்குகிற மாதிரிகூட இருந்தது, ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. முகம் வெளுத்தது கட்டியால், வியர்த்தது கட்டியால், சரி. சிரித்தது எதனால். அவன் எட்டாவது கட்டம் என்று ஏதாவது சொன்னால் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பைக் கொட்டுகிற சுரப்பி எது. அதற்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களா. ஐந்து மணிக்கே பத்திரிகையை மேஜையில் எடுத்து வைப்பாளே. என் டிபன் பாக்ஸில் இட்லி வைப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு, கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம். பார், கட்டி வந்தும் என் புத்தி போகவில்லை. இனிமேல் இதற்கு ஒரு நோட்டுப் போடுவேனா. இவளுக்குள்ளே இருக்கிற அந்தக் கட்டிமேல்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது, சொன்னால் சிரிப்பார்கள். நெல்லிக்காய் அளவு இருக்குமாம். நான் இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தும் அசைக்க முடியாத நெஞ்சை அது எப்போது வேண்டுமானாலும் அடிக்க வைக்கிறது.

பத்து பதின்மூன்று. நாளைக்கு மேல் வயிற்றை ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி கீழே மூத்திரப்பையில் இருந்தால் அங்கே ஒன்றும் தெரியாது. ஒன்றும் இல்லையம்மா, மனசுதான், என்று திருப்பி அனுப்பிவிட்டால். இன்னொரு நாலு வருஷம், இல்லை, நாலு வருஷம் எதற்கு, இருநூற்று இருபது பிரஷருக்கு ஒரு சாயங்காலம் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாத்ரூம் தரையில் விழுந்தால் தாழ்ப்பாளை உடைத்துத்தான் தூக்க வேண்டும். நான் வாயைத் திறக்க வேண்டும், ஒரு டிக்குக்கு அர்த்தம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. டாக்டரிடம் எப்படிச் சொல்வது. மேடம், அது குனிகிறதற்கு இல்லை, ஒரு ஆள் வந்தால் போடுவது. யார் சார் அந்த ஆள். எதற்கு சார் டிக் போட்டீர்கள். பின்னால் சின்ன டாக்டர்கள் நிற்பார்கள். குமுதா நிற்பாள். அதுதான். குமுதா கேட்டுக்கொண்டு நிற்பாள். அதைவிட இந்த ஸ்டூலிலேயே கல்லாகிவிடலாம். நிமிர்ந்தேன், குமுதா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் தெரியவில்லை. படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன், பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவன் மாதிரி. பேச ஒருத்தருக்கும் அனுமதி இல்லை. அவள் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, ஸ்டூலுக்குக் கீழே இருந்த டியூட்டிப் பையில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மேலே விட்டத்தைப் பார்க்கப் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், அடக்கிக்கொண்டிருக்கிறாள், எனக்கு இப்போது தெரிகிறது. கால் விரல்கள் போர்வைக்குள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன. இதே காலைத்தான் சோபாவில் பார்த்துத் தவிப்பு என்று பென்சிலில் எழுதினேன்.

பத்து இருபதுக்கு, என் கடிகாரத்தில், சிஸ்டர் வந்து மூன்று குழாயில் ரத்தம் எடுத்து ஐஸ் டப்பாவில் வைத்தார். “முடிஞ்சிதும்மா, மெதுவா எந்திரிங்க.” குமுதா எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை, “என்னங்க, பாத்ரூம் எந்தப் பக்கம்?” வராந்தாக் கோடியில் இருந்தது. கூடவே போனேன். உள்ளே போனாள், தாழ் விழுந்தது, பத்து இருபத்து நாலு. வெளியே நின்றேன். எதிரே பெஞ்சு, பெஞ்சில் யாரும் இல்லை. கோதண்டம் இந்நேரம் கூட்ஸோடு அரியலூர் தாண்டியிருப்பான், நேற்று அவன் டியூட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், அதையும் பார்த்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வராமல் இருந்துவிடுமோ என்று பயம். வந்துவிடுமோ என்று பயம். பத்து இருபத்தேழுக்குக் கதவு திறந்தது. அதே முகம். சுண்ணாம்பு வெளுப்பு, மேலுதட்டில் வியர்வை, நிலைப்படியைப் பிடித்த விரல்கள் நடுங்க அதே முகம். நாலு வருஷம் இன்னொருத்தனுக்கு என்று நான் எழுதிவைத்த முகம். இரண்டு எட்டில் போய்ப் பிடித்துக்கொண்டேன். ரவிக்கை நனைந்திருந்தது, என் தோளில் அவள் கழுத்து நரம்பு அடித்தது. முதல் தடவையாக அது என் மேலேயே அடித்தது. அவள் கண்ணைத் திறக்காமலே, மூச்சு வாங்கி வாங்கி, “மணி பாத்தீங்களா?” என்றாள்.

“ம்.”

“எழுதிக்கங்க. டிக் மட்டும் போட்றாதீங்க. கார்டு சார் இன்னிக்கு வரல.”

அந்த நேரத்திலும் அவள் வாயில் அந்தப் பேர் வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதுதான் நான். எவ்வளவு நாளாகத் தெரியும், எப்போது பையைத் திறந்தாள், ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தெரிந்துகொண்டேவா டாக்டர் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவளைத் தாங்கிக்கொண்டு வராந்தாவில் மூன்றாவது அறை வரைக்கும் நடந்தேன். டாக்டர் யாஸ்மின் கதவு திறந்தே இருந்தது, உள்ளே சின்ன டாக்டர்கள் இரண்டு பேர், மேஜையில் என் நோட்டின் ஜெராக்ஸ். டாக்டர் குமுதாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார், ஒருத்தர் பிரஷர் கருவியைக் கையில் சுற்றினார். “மேடம், இப்ப பாத்ரூம் போய்ட்டு வந்தா. போனதும் வந்தது. எப்பவும் அப்படித்தான் வரும்” என்றேன். டாக்டர் நிமிர்ந்தார். “எப்பவுமா? நோட்டுல குனியறதுன்னுல்ல சார் சொன்னீங்க?”

“அந்த டிக் குனியறதுக்கு இல்ல மேடம்” என்றேன். குமுதா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, மீதியை நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.